மைனஸ் முப்பத்து மூன்று

திருவொற்றியூர்
8-11-2001

திரு. ராமசுப்பு அவர்களுக்கு,

ஐந்து வருடம் கழித்து உங்களுக்கு எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. என் மேசையில் போன் இருக்கிறது. சுழற்றினால் மணலி எக்ஸ்சேஞ்சில் நீங்கள்தான் எடுப்பீர்கள். எனக்கு உங்கள் குரல் வேண்டாம். நீங்கள் சொல்வது எழுத்தில் வேண்டும். இந்தக் கடிதத்தின் கார்பன் நகல் என் கோப்பில் இருக்கும். ஒளியிழை பற்றி ஒன்றும் தெரியாத விசாரணை அதிகாரி படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மணலியிலிருந்து நீங்கள் அனுப்பும் ஒளி திருவொற்றியூரில் என் கருவிக்கு வந்து சேரும்போது ஒளி மீட்டரில் மைனஸ் பதினெட்டு இருக்க வேண்டும். மூன்றரை வருடமாக அப்படித்தான் இருந்தது. செப்டம்பர் கடைசியில் அளந்தபோதும் அதே எண். அக்டோபர் 29 அன்று அளந்தபோது மைனஸ் முப்பத்து மூன்று. மைனஸில் எண் ஏற ஏற ஒளி குறைவு. வர வேண்டியதில் முப்பதில் ஒரு பங்குதான் வருகிறது. முப்பத்து நான்கைத் தாண்டினால் கருவி கண்ணை மூடிக்கொள்ளும். நவம்பர் 5, திங்கட்கிழமை அதுதான் நடந்தது. நான்கு மணி நேரம் மணலியிலிருந்து வெளியே ஒரு அழைப்பும் போகவில்லை. பிறகு தானாக உயிர் வந்தது. எப்போது மறுபடி போகும் என்று தெரியாது.

மறுநாள் எனக்கு மெமோ. பராமரிப்பில் கவனக்குறைவு, 26-ஆம் தேதிக்குள் விளக்கம் தருக. டிசம்பர் கடைசியில் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. அதில் முதல் பெயர் என்னுடையது. தண்டனை விழுந்தால் பெயர் போய்விடும். எனக்கு நாற்பத்தொன்பது வயது.

செப்டம்பருக்கும் அக்டோபர் 29-க்கும் நடுவே உங்கள் அறையில் ஒன்று நடந்தது. 25-ஆம் தேதி ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், சாம்பிராணி. கனெக்டர் முனையில் ஒளி வெளிவரும் இடம் தலைமயிரைவிட மெல்லியது. அதில் ஒரு பொட்டுச் சந்தனம் போதும். தயவுசெய்து உங்கள் கனெக்டர்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அனுப்பும் ஒளியை அளந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

பீம்ராவ்


மணலி
9-11-2001

பீம்ராவ் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. தபால் பையைக் கொண்டுவந்த உங்கள் லைன்மேன் துரை, "இன்னா சார், ரெண்டு பேரும் போனாபீசுல குந்திகினு லெட்டர் போட்டுக்கிறீங்க" என்று கேட்டான். லவ் லெட்டர் என்று சொல்லி அனுப்பினேன்.

உங்கள் கோப்புக்காக: அனுப்பும் ஒளி மைனஸ் மூன்று. கருவி வந்த நாள் முதல் மைனஸ் மூன்று. ஆயுத பூஜை செய்தோம், அதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. கருவியின் கதவில் மூன்று பொட்டு, கீழே ஒரு வாழைப்பழம், அதில் ஒரு ஊதுபத்தி. கனெக்டரைக் கழற்றி அதன் நெற்றியில் சந்தனம் வைக்க நான் என்ன கிறுக்கனா? உங்கள் அறையில் சாமி கிடையாது, ஆகையால் தப்பும் கிடையாது என்பது உங்கள் கணக்கு.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். மணலியிலிருந்து வரும் கேபிள் உங்கள் அறைச் சுவரில் இருக்கும் பேனலில் முடிகிறது. அங்கிருந்து இரண்டு மீட்டர் பேட்ச் கார்டு, அந்த இணைப்பு இழை, கருவிக்குப் போகிறது. நீங்கள் அளந்தது கார்டு கருவியில் சேரும் முனையில். கார்டைக் கழற்றிவிட்டுப் பேனலிலேயே மீட்டரை வைத்துப் பார்த்தீர்களா? பயிற்சியில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது இது. அந்த வகுப்பில் முதல் மார்க் நீங்கள்தான் என்று ஞாபகம்.

நீங்கள் எழுதிய புகாரினால்தான் நான் ராயபுரத்திலிருந்து மணலிக்கு வந்தேன். அங்கே அண்ணன் கடைக்கு மேல்மாடியில் வீடு. இங்கே டேங்கர் லாரிகளுக்கு எதிரே வீடு. என் வீட்டுக்காரி இன்ஹேலர் இல்லாமல் படி ஏறுவதில்லை. உங்களுக்கு மெமோ வந்து மூன்று நாள்தான் ஆகிறது. எனக்கு இது ஐந்தாவது வருடம்.

ராமசுப்பு


திருவொற்றியூர்
12-11-2001

திரு. ராமசுப்பு அவர்களுக்கு,

பேனலில் அளக்கவில்லை. அளக்கப் போவதும் இல்லை.

அந்தக் கார்டுகளை 1998 மார்ச்சில் நான் என் கையால் போட்டேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளையம் விட்டு, எங்கும் இறுக்காமல், சுவரில் உரசாமல் போட்டிருக்கிறேன். அறைச் சாவி என்னிடம். செல்லம்மா பெருக்குவதுகூட நான் உட்கார்ந்திருக்கும்போதுதான். ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் நான் விடுப்பு எடுப்பது ஊருக்கே தெரியும். விஜயதசமி எங்கள் மக்கள் பௌத்த தீட்சை பெற்ற நாள். என் மனைவி ரமாபாயை அழைத்துக்கொண்டு வியாசர்பாடி புத்த விகாருக்குப் போகிறேன். அந்த இரண்டு நாளும் சாவி துரையிடம் இருக்கும், அலாரம் அடித்தால் பார்ப்பதற்கு மட்டும். என் அறையில் பொட்டு கிடையாது, பூ கிடையாது. கருவியைக் கருவியாக வைத்திருக்கும் ஒரே அறை இந்த வட்டத்தில் என்னுடையதுதான்.

முதல் மார்க்கைப் பற்றி நீங்களே பேச்செடுத்ததால் சொல்கிறேன். 1996, பயிற்சி மையக் கேண்டீன். ஒளியிழை ஒட்டும் தேர்வில் நான் முதலாவது, நீங்கள் இரண்டாவது. பயிற்றுநர் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் அவரிடம் சொன்னது இது: "அவனுக்கு எதுக்கு சார் மார்க்கு, அவனுக்குத்தான் தனி லிஸ்ட்டே இருக்கே." நான் உங்களுக்குப் பின்னால் இரண்டு தம்ளர் டீயுடன் நின்றுகொண்டிருந்தேன். ஒன்று உங்களுக்கு.

புகார் எழுதினேன். இன்று அது நடந்திருந்தாலும் எழுதுவேன். உங்கள் மனைவியின் உடல்நிலைக்கு வருந்துகிறேன். அதற்காகப் புகாரைத் திரும்பப் பெற மாட்டேன்.

நீங்கள் துடைத்தீர்களா இல்லையா என்பதற்கு இதுவரை பதில் இல்லை. ஒரு சாட்சியின் முன்னால் துடையுங்கள். அதன் பிறகு கையடக்க விளக்கை வைத்து இரண்டு அலைநீளத்திலும், 1310-இலும் 1550-இலும், ஒளி அனுப்புங்கள். நான் இங்கே அளக்கிறேன். அழுக்கு என்றால் இரண்டும் ஒரே மாதிரி குறையும். அப்போது யார் அறையில் குறை என்று பார்த்துக்கொள்ளலாம்.

பீம்ராவ்


மணலி
16-11-2001

பீம்ராவ் சாருக்கு,

தீபாவளி முடிந்து இன்றுதான் அலுவலகம் வந்தேன். ஸ்பிரிட் போட்டு, புதுத் துணி எடுத்து, எல்லாக் கனெக்டரையும் துடைத்தாயிற்று. சாட்சி என் உதவியாளர் ஜஹாங்கீர்; கையெழுத்து கீழே. அவன் ஒவ்வொரு முனையையும் மூக்குக்கிட்டக் கொண்டுபோய், "சந்தன வாசன ஒண்ணும் வல்லியே சார், எதுக்கும் பீம்ராவ் சார் ஒரு தபா மோந்து பாக்கட்டும்" என்றான். துடைத்த பிறகும் மைனஸ் மூன்றுதான்.

கேண்டீனில் நான் அப்படிச் சொன்னேன். இல்லை என்று எந்த விசாரணையிலும் சொன்னதில்லை. நீங்கள் பின்னால் நின்றது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் நினைத்திருப்பேன். எங்கள் தாத்தா காலத்தில் எங்களையும் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தை வாயில் வந்திருக்கக் கூடாது என்று என் அண்ணன் சொன்னான். நீங்கள் கோபப்பட்டதைவிட அவன் சொன்னது எனக்கு அதிகமாக வலித்தது. இதை மன்னிப்பு என்று உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு 1310, பத்தேகாலுக்கு 1550. மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டேன்.

ராமசுப்பு
சாட்சி: ஜஹாங்கீர்


திருவொற்றியூர்
19-11-2001

திரு. ராமசுப்பு அவர்களுக்கு,

இன்றைய அளவுகள்: 1310-இல் வர வேண்டியதைவிடப் பதினைந்து குறைவு, பழையபடியே. 1550-இல் மீட்டர் எதையும் காட்டவில்லை. இருமுறை பார்த்தேன்.

இது அழுக்கு இல்லை. அழுக்கு அலைநீளம் பார்க்காது. எங்கோ இழை கூர்மையாக மடங்கியிருக்கிறது. மடங்கிய இடத்தில் நீள அலைதான் முதலில் வெளியே ஓடும். ஆகவே சந்தனம் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதை மட்டும்.

சாத்தாங்காட்டில் இரும்புச் சந்தைக்கு முன்னால் வடிகாலுக்குத் தோண்டியிருக்கிறார்கள். நம் கேபிள் அந்தப் பள்ளத்தின் ஓரமாகத்தான் போகிறது. சனிக்கிழமை மழையில் போய்ப் பார்த்தேன். கம்பிக் கட்டு ஏற்றிய லாரிகள் அந்த விளிம்பிலேயே நிற்கின்றன. கேபிள் அங்கே நசுங்கியிருக்க வேண்டும். எத்தனையாவது மீட்டரில் மடங்கியிருக்கிறது என்று காட்டும் கருவி உங்கள் பொறுப்பில் இருப்பதாக ராயபுரத்தில் சொன்னார்கள். அதை வைத்து அங்கிருந்து அளந்து சொல்லவும். இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது.

பீம்ராவ்


மணலி
20-11-2001

பீம்ராவ் சாருக்கு,

கருவி அச்சிட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சாத்தாங்காட்டில் ஒன்றுமில்லை. உங்கள் பேனல் வரை ஏழு கிலோமீட்டர் நானூறு மீட்டருக்குக் கோடு சீராக வருகிறது. அதைத் தாண்டியதும் படிக்கட்டு மாதிரி விழுகிறது.

மிச்சம் இருப்பது இரண்டு மீட்டர்.

ராமசுப்பு


திருவொற்றியூர்
22-11-2001

ராமசுப்பு அவர்களுக்கு,

நேற்று மதியம் பேனலில் அளந்தேன். மைனஸ் பதினேழரை. ஒளி என் சுவர் வரை முழுசாக வந்துகொண்டிருக்கிறது.

கருவிக்குப் பின்னால் ஒரு ஆள் பக்கவாட்டில் மட்டும் நுழையலாம். டார்ச்சுடன் நுழைந்தேன். என் வளையம் இல்லை. கார்டை யாரோ மடித்து, இரும்புச் சட்டத்தோடு சேர்த்து, நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். பூக்கட்டும் நூல். முடிச்சில் ஒரு சாமந்திக் காம்பு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

துரையைக் கூப்பிட்டேன். செல்லம்மாவும் துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"இது என்ன துரை?"

"நூலு சார்."

"நூல் என்று எனக்கும் தெரிகிறது."

அவன் செல்லம்மாவைப் பார்த்தான். அவள், "அவன் மூஞ்ச இன்னாத்துக்குப் பாத்துகினு, நான் சொல்றேன்" என்று முன்னால் வந்தாள். "வருசா வருசம் நாங்கதான் சார் பூஜ போடறோம். நீ லீவுல பூடுவ. உனுக்குப் புடிக்காதுன்னு மறுநாளே பொட்டெல்லாம் தொடச்சி, தரையெல்லாம் கழுவிடுவேன். ஒரு வருசமாவது கண்டுபுடிச்சியா?"

"இந்த வருசம் வாழக்கன்னு ரெண்டு கட்னோம் சார்" என்றான் துரை. "ஒயரு தொங்கிகினு கலீஜா கீதேன்னு ஒரு முடிச்சு போட்டேன். மத்ததெல்லாம் அவுத்தாச்சு. இது பின்னால இருந்தது, மறந்துட்டேன்."

"எதற்குத் துரை இதெல்லாம்?"

"எல்லா எச்சேஞ்சிலயும் போடறாங்கோ. நம்ம மிசினு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு சார்?"

பதினொரு வருடமாக ஒரே அறையில் வேலை பார்க்கிறோம். என்னிடம் கேட்டால் திட்டுவேன் என்று தெரிந்து, கேட்காமலே இருந்திருக்கிறார்கள். நானும் அந்த இரண்டு நாள் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று விடுப்பு எடுத்து, என் அறை சுத்தம் என்று உங்களுக்கு எழுதினேன்.

இருவரையும் அனுப்பிவிட்டு நூலை அறுத்து, புதுக் கார்டு போட்டேன். மைனஸ் பதினெட்டு. அலாரம் விளக்கு அணைந்துவிட்டது.

இப்போது மெமோவுக்கு விளக்கம். முடிச்சுப் போட்டது யார் என்று எழுதினால் நான் தப்பிவிடுவேன். துரை பதினான்கு வருடமாகத் தினக்கூலி. நிரந்தரம் செய்யும் பட்டியலில் இந்த முறைதான் பெயர் ஏறியிருக்கிறது. ஜனவரியில் உத்தரவு.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய தாளின் மேல் மூலையில் கருவி தேதியையும் அச்சிட்டிருக்கிறது. 6-11-2001. நான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பு.

பீம்ராவ்


மணலி
23-11-2001

பீம்ராவ்,

தேதியை நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரிந்துதான் அனுப்பினேன். கிழித்துவிட்டு அனுப்ப ஒரு கத்தரிக்கோல் போதும்.

ஐந்தாம் தேதி லைன் செத்தது. ஆறாம் தேதி காலையிலேயே இங்கிருந்து அளந்துவிட்டேன். குறை உங்கள் அறையில் என்று அன்றே தெரியும். எட்டாம் தேதி உங்கள் கடிதம் வந்தது, சந்தனமும் குங்குமமும் போட்டு. தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பேனலில் அளந்தீர்களா என்று மட்டும் கேட்டேன். நான் கேட்டால் நீங்கள் அளக்க மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கேட்டேன். நீங்கள் மழையில் சாத்தாங்காட்டுப் பள்ளத்தில் நின்றதாகத் துரை சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை கடிதத்தில் சந்தனத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் நன்றாக இல்லை.

இப்போது வேலையைப் பார்ப்போம். கார்டு தயாரிப்பிலேயே பழுது என்று எழுதுங்கள். இரண்டு முனையிலும் சோதித்துப் பார்த்தோம் என்று நானும் கையெழுத்துப் போடுகிறேன். பழைய கார்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள். உங்கள் பெயர் பட்டியலில் நிற்கும், துரைக்கும் ஆபத்தில்லை. ஒருத்தருக்கும் நட்டம் கிடையாது. வீம்பு பிடிக்காதீர்கள்.

ராமசுப்பு


திருவொற்றியூர்
24-11-2001

ராமசுப்பு,

கார்டில் பழுது இல்லை. பழுது என்று நான் எழுத மாட்டேன்.

இன்று கொடுத்த விளக்கத்தில் உள்ளது இதுதான்: "பேட்ச் கார்டு என் அறையில் இறுக்கிக் கட்டப்பட்டு மடங்கியிருந்தது. அறை என் பொறுப்பு. கட்டியது யார் என்று தெரியும், சொல்ல மறுக்கிறேன். அவர் செய்தது தீங்கு நினைத்துச் செய்ததல்ல. அக்டோபர் 29 முதல் நவம்பர் 21 வரை பேனலில் அளக்காமல் இருந்தது நான். அளந்திருந்தால் நவம்பர் 5 அன்று லைன் போயிருக்காது. அந்த இருபத்து மூன்று நாளுக்கு என்னைக் கேளுங்கள்."

தேர்வில் என் பெயர் முதலில் வந்தபோது கேண்டீனில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதே பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பொய்க் கையெழுத்தால் நின்றது என்று ஆகவிட மாட்டேன். விழுந்தால் என் தப்பால் விழட்டும்.

நீங்கள் தாளைப் பூட்டி வைத்ததை நான் எழுதவில்லை. உங்களைக் காப்பாற்ற என்று நினைக்க வேண்டாம். அதை எழுத வேண்டியவர் நான் இல்லை.

பீம்ராவ்


மணலி
3-1-2002

பீம்ராவ்,

பட்டியல் பார்த்தேன். உங்கள் பெயர் இல்லை. மூன்று வருடம் பதவி உயர்வு கிடையாது என்று உத்தரவாமே. போன வருடம் விம்கோ நகரில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற மறந்து பதினோரு மணி நேரம் எக்ஸ்சேஞ்சைச் சாகவிட்டவருக்கு வாயால் ஒரு எச்சரிக்கை மட்டும். உங்களுக்கு மூன்று வருடம்.

துரை நேற்று லட்டுடன் வந்தான். நிரந்தர உத்தரவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருக்கிறான். "சாருக்கு ஏன் இப்பிடி ஆச்சுன்னே புரில சார்" என்று என்னைக் கேட்டான். அந்த முடிச்சால்தான் லைன் போனது என்று நீங்கள் அவனிடம் சொல்லவில்லை என்று தெரிந்தது. நானும் சொல்லவில்லை. லட்டை ஜஹாங்கீரிடம் கொடுத்துவிட்டேன்.

மேல்முறையீடு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். இரக்கம் காட்டச் சொல்லிக் கேட்டால் ஒரு வருடமாகக் குறைப்பார்கள். நானும் வந்து பேசுகிறேன்.

ராமசுப்பு


திருவொற்றியூர்
5-1-2002

ராமசுப்பு,

மேல்முறையீடு எழுதிவிட்டேன். ஒன்பது பக்கம். இரக்கம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. நான் செய்த தப்பை முதல் பக்கத்திலேயே திரும்பவும் எழுதியிருக்கிறேன். மற்ற எட்டுப் பக்கமும் கேள்விகள். நான்கு மணி நேரத்துக்கு மூன்று வருடம் என்றால் பதினோரு மணி நேரத்துக்கு ஏன் ஒரு வாய் வார்த்தை? கடந்த ஆறு வருடத்தில் இந்த வட்டத்தில் நடந்த தடங்கல்கள் எத்தனை, தண்டனை யார் யாருக்கு, மன்னிப்பு யார் யாருக்கு? பட்டியல் கேட்டிருக்கிறேன். தராவிட்டால் நீதிமன்றத்தில் கேட்பேன். ரமாபாய் தட்டச்சுப் பிழைகளைத் திருத்தினாள். திருத்தும்போது, "நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசியிருந்தா ஒரு நாள் வேல" என்றாள்.

உங்களுக்குத் தெரிந்தவரிடம் போக வேண்டாம். பிப்ரவரி 11 காலை பதினொன்றரைக்கு நேரில் விசாரிக்கிறார்கள். குறை தெரிந்த தேதி எது என்று கட்டாயம் கேட்பார்கள். நவம்பர் 21 என்று நான் சொல்வேன், எனக்குத் தெரிந்தது அன்றுதான். உங்களுக்குத் தெரிந்த தேதியைச் சொன்னால் உங்களுக்கும் ஒரு மெமோ வரும். யோசித்துக்கொள்ளுங்கள்.

வருவதானால் அதைச் சொல்ல வாருங்கள். எனக்கு உதவி செய்ய வர வேண்டாம்.

பீம்ராவ்